இஞ்சின் ஓடுது, வீல் சுத்தல

குழு: நம்ம டர்பன் குடும்பம்

சனி, காலை 6:50

சாட்ஸ்வொர்த் அத்தை: எல்லாருக்கும் வணக்கம் 🙏 புல்லு வெட்டுற மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுது. இஞ்சின் ஓடுது, பிளேடு சுத்துது, ஆனா லிவர அமுக்கினா தானா ஒழுங்கா முன்னாடி போக மாட்டேங்குது. நேத்து பின்பக்கம் சரிவுல பாதிவரைக்கும் கையாலயே தள்ளிட்டு மூச்சு வாங்கி உக்காந்துட்டேன்

மாரிட்ஸ்பர்க் அண்ணன்: அத்தை இந்த வெயில்ல எதுக்கு தள்ளுறீங்க. ஆள் வருவாருல்ல

சாட்ஸ்வொர்த் அத்தை: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவதான்பா வர்றாரு. இந்த ஜனவரி மழைக்கு நாலே நாள்ல கிக்குயு புல்லு கணுக்காலுக்கு வந்துடுது. போன வருஷம் வாழை மரத்தடில நைட் ஆடர் பாம்பு கிடந்துச்சு, மறந்துட்டீங்களா. கிளேர்வுட் கோயிலுக்கு கெளம்புற அன்னைக்கு எல்லாரும் நம்ம வீட்டு வாசல்லதான் காவடி கட்டுறீங்க, புள்ளைங்க வெறுங்கால்ல நிக்கும்

பீனிக்ஸ் சித்தப்பா: அக்கா கடைல காட்டுனியா

சாட்ஸ்வொர்த் அத்தை: காட்டுனேன் தம்பி. கியர்பாக்ஸ் போச்சு, அத மாத்துற காசுக்கு புதுசே வாங்கிடலாம்னாங்க. வீல கழட்டிக்கூட பாக்கல. இவரு இருந்தப்ப வாங்குன மெஷின், தூக்கிப்போட மனசு வரல

பீனிக்ஸ் சித்தப்பா: வீல கழட்டாம எப்படி கியர்பாக்ஸ்னு சொல்லுவாங்க, எனக்கு கேக்கவே கோவம் வருது. இந்த மாதிரி மெஷின்ல முதல்ல போறது வீலுக்குள்ள இருக்குற பல்லும் அத சுத்துற பினியன்ங்கிற சின்ன கியரும்தான், அதுக்கப்புறம் பெல்ட்டு, கேபிளு, கியர்பாக்ஸ் கடைசிலதான். யாராச்சும் இன்னைக்கு அங்க போறீங்களா

நான்: நான் போறேன் சித்தப்பா, இன்னைக்கு லீவுதான்

பீனிக்ஸ் சித்தப்பா: நல்லது. இஞ்சின ஸ்டார்ட் பண்ணாத. பிளக் வயர மொதல்ல உருவிப்போடு, மறக்காம. அப்புறம் சிமெண்டு தரையில வெச்சு டிரைவ் லிவர மட்டும் கைப்பிடியோட சேத்து அமுக்கிக்கிட்டு மெஷின பின்னாடி இழு. ரெண்டு வீலும் சுத்தாம தரையில தேயணும். கியர்பாக்ஸுக்குள்ள வார்ம் கியர் இருக்கு, வீல் பக்கத்துலேருந்து அத திருப்ப முடியாது, அதனால வீல் பூட்டிக்கும். எந்த வீல் லேசா உருளுதோ கோளாறு அந்தப் பக்கம். ரெண்டுமே உருண்டா கேபிளையும் பாக்கணும்

காலை 9:40

நான்: இடது வீல் தேயுது, வலது வீல் சும்மா உருளுது சித்தப்பா

பீனிக்ஸ் சித்தப்பா: பாத்தியா. கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. அது போயிருந்தா ரெண்டு பக்கமுமே பூட்டாது

சாட்ஸ்வொர்த் அத்தை: முருகா. எனக்கு இப்பதான் உசுரு வந்துச்சு

பீனிக்ஸ் சித்தப்பா: இப்ப முன்பக்கத்த தூக்கி பின்னாடி சாய்ச்சு முட்டுக் குடு. பக்கவாட்டுல சாய்ச்சேதான் ஆகணும்னா ஏர் ஃபில்டர் மேல பாத்து இருக்கணும், இல்லன்னா ஆயில் அதுக்குள்ள இறங்கிடும். டேங்க்ல பெட்ரோல் நிறைய இருந்தா எடுத்துடு. வீல் மூடிய நெம்பி எடுத்துட்டு போல்ட்ட கழட்டு

காலை 10:25

நான்: கழட்டிட்டேன். உள்ள ஒரே புல்லுத்தூளும் மண்ணும், கெட்டியா களிமண்ணு மாதிரி. பிரஷ் போட்டு தட்டுனப்புறம் பாத்தா வலது வீலோட உள்பல்லு ஒரு பக்கமா சாஞ்சு மொட்டையாயிருக்கு. அந்த சின்ன கியரு அச்சுல சும்மா சுத்துது

பீனிக்ஸ் சித்தப்பா: அதான் பினியன். அச்சு நுனில இருக்குற இ-கிளிப்ப எடுத்துட்டு பினியன உருவுனா அச்சுக் குழியில சாவின்னு ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அந்த சாவிதான் பினியனோட உள்பல்ல பிடிக்கும், ஒரு திசைல பிடிக்கும், மறு திசைல டிக் டிக்னு வழுக்கும். அதுக்குள்ள மண்ணு போயிட்டா பிடிக்காது. அக்கா ஒண்ணு கேக்குறேன், மூலைல திருப்பும்போது லிவர விடாமலே பின்னாடி இழுப்பியா

சாட்ஸ்வொர்த் அத்தை: ஆமா தம்பி, மேட்டு மூலைல அப்படித்தான் இழுத்துத் திருப்புவேன், இவரும் அப்படித்தான் செய்வாரு

பீனிக்ஸ் சித்தப்பா: பல்ல தின்னது அதுதான். பூட்டுன வீல இழுக்குறப்ப மொத்த பாரமும் ரெண்டு மூணு பிளாஸ்டிக் பல்லு மேல விழுது. லிவர விட்டுட்டு இழு, லேசா வரும். இன்னொண்ணு, வெட்டி முடிச்சதும் ஹோஸ் பைப்ப வீல் மேல அடிக்காத, தண்ணி மண்ண உள்ளதான் தள்ளும். பிரஷ் போதும்

மாரிட்ஸ்பர்க் அண்ணன்: அத்தை சரிவுல மேலயும் கீழயும் ஓட்டாதீங்க, குறுக்கால ஓட்டுங்க. வழுக்குனாலும் மெஷின் உங்க மேல வராது, உங்க காலும் பிளேடுக்குள்ள போவாது

பீனிக்ஸ் சித்தப்பா: வீல் ரெண்டையும் மாத்து, பினியனும் ரெண்டும். ஒண்ண மட்டும் புதுசு போட்டா தேஞ்ச பினியன் புதுப் பல்லையும் கெடுக்கும், வீல் உயரமும் ஒண்ணா இருக்காது. டெக்ல ஒட்டியிருக்குற மாடல் நம்பர போட்டோ எடுத்து ஸ்பேர்ஸ் கடைல காட்டு, குத்துமதிப்பா வாங்காத

புதன், மாலை 5:30

நான்: சாமான் வந்துச்சு, மாட்டிட்டேன் சித்தப்பா, ஆனா இப்ப ரெண்டு பக்கமும் ஓடல. முன்னாடி ஒரு பக்கமாச்சும் பூட்டுச்சு. நாளைக்கு சாயந்தரம் பந்தல் போட ஆளுங்க வர்றாங்க, அத்தை மொகத்த பாக்க கஷ்டமா இருக்கு

பீனிக்ஸ் சித்தப்பா: பதறாத. பினியன் ரெண்டையும் ஒரே பையில வெச்சிருந்தியா

நான்: ஆமா

பீனிக்ஸ் சித்தப்பா: இடது வலதா மாறிப் போச்சு. பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்பல்லு சாயுற பக்கம் வேற. மாத்திப் போட்டா பின்னாடி போறதுக்குப் பிடிக்கும், முன்னாடி வழுக்கும். சிலதுல எல், ஆர்னு குத்தியிருப்பாங்க, உத்துப் பாரு. மாட்டிட்டு வீல கையால முன்னாடி சுத்து, டிக் டிக்னு சத்தம் வரணும். பின்னாடி சுத்து, அச்சையும் சேத்து இழுக்கணும். ரெண்டு பக்கமும் அப்படி வந்தப்புறம்தான் போல்ட்ட இறுக்கு

நான்: சாவிக்கு கிரீஸ் போடட்டா

பீனிக்ஸ் சித்தப்பா: வெள்ளை லித்தியம் கிரீஸ் இருந்தா விரல் நுனில தொட்டு சாவிக்கும் அச்சுக்கும் மட்டும். வீல் பல்லுல அப்பாத, புல்லுத்தூளு ஒட்டி மறுபடியும் அரைக்கும்

மாலை 6:40

நான்: எல், ஆர் குத்தியிருக்கு!! டார்ச் அடிச்சாத்தான் தெரியுது. மாத்திட்டேன், ரெண்டு பக்கமும் டிக் டிக். பிளக் வயர மாட்டி ஸ்டார்ட் பண்ணி லிவர அமுக்குனா கைய விட்டு இழுத்துட்டுப் போவுது

சாட்ஸ்வொர்த் அத்தை: நானும் ஒரு வரிசை ஓட்டிப் பாத்தேன். ஒரு விரல்ல போவுதுப்பா. சத்தம்கூட இவரு ஓட்டுனப்ப கேட்ட மாதிரியே இருக்கு. தம்பி நீ நல்லா இருக்கணும்

பீனிக்ஸ் சித்தப்பா: அக்கா இருட்டப் போவுது, மிச்சத்த நாளைக்கு பனி காஞ்சதும் வெட்டு. ஈரப் புல்ல வெட்டாத

வியாழன், காலை 10:15

சாட்ஸ்வொர்த் அத்தை: பின்பக்கம் முழுக்க வெட்டியாச்சு, குறுக்கால, லிவர விட்டுத் திருப்பி. ஏழெட்டு ஹடீடா பறவை வந்து புழு கொத்துது, கத்துற கத்துல போன்ல யாரு பேசுறதும் கேக்கல. பழைய பினியன டப்பால போட்டு வெச்சிருக்கேன் தம்பி, ஞாயித்துக்கிழமை வந்தா எடுத்துப் பாரு. இட்லிக்கு ஊறப் போடுறேன், எத்தனை பேரு வர்றீங்கன்னு சொல்லுங்க

மாரிட்ஸ்பர்க் அண்ணன்: நாங்க அஞ்சு பேரு அத்தை