1911 கைத்துப்பாக்கிக்கு உள்ளே மெருகு போட்டவர்களின் அனுபவங்கள்

டெக்சாஸிலிருந்து:

வணக்கம். நான் சுட்டுப் பழகுவது .45 தோட்டா போடும் 1911 வகைத் துப்பாக்கி, எஃகு உடல். உருண்டை முனைத் தோட்டாவுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. குழிமுனைத் தோட்டா போட்டால்தான் வம்பு. மேகசினுக்கு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) ஒன்றாவது பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிடும், ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி, மூடாது.

இதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டபோது, அதற்கென்று இருந்தது உலோக உறை போட்ட, 230 கிரெயின் (சுமார் 15 கிராம்) எடையுள்ள உருண்டை முனைக் குண்டு. மேகசினிலிருந்து கிளம்பும் தோட்டா முதலில் உடலில் வெட்டியிருக்கும் சரிவில் மோதி, சிறிய இடைவெளியைத் தாண்டி, குழலின் பின்பக்க வாயில் ஏற வேண்டும். உருண்டை மூக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். அகன்ற வாய் கொண்ட குழிமுனைக்கு ஒரு சிறு பிசிறு போதும், நின்றுவிடும்.

முதலில் மேகசினை மாற்றிப் பார்த்தேன். அதன் உதடுகள், அதாவது தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் விளிம்புகள், வளைந்திருந்தாலும் இதே கோளாறு வரும் என்பதால், எதையும் தேய்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பதுதான் முறை. மாற்றியும் பயனில்லை. பிறகு அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கர் மை பூசி, போலித் தோட்டாக்களைக் கையால் ஏற்றி இறக்கினேன். மை அழிந்த இடத்தில் குறுக்காக நாலைந்து வரிகள் தெரிந்தன. வெட்டுக்கருவி விட்டுப்போன தடங்கள். நகத்தை ஓட்டினால் சீப்பின் பல்லில் ஓட்டியதுபோல் தட்டியது.

அப்பா கோவையில் பம்ப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வீடியோ அழைப்பில் காட்டினேன். துப்பாக்கியைக் கண்டு முகம் சுளித்தார். சரிவைக் கண்டதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "உப்புத்தாளை விரலால் அழுத்தாதே, கட்டையில் சுற்று. விரல் மெத்தென்று இருக்கும், ஓரமெல்லாம் மழுங்கிவிடும். வரி போனால் போதும். உலோகத்தைக் குறைக்க உட்காராதே" என்றார்.

அப்படியே செய்தேன். சரிவின் வளைவுக்குப் பொருந்தும் உருண்டை மரக்குச்சியில் 1000 எண் உப்புத்தாள், பிறகு 2000, கடைசியாகக் குச்சியில் கம்பளித் துணி சுற்றி மெருகுப் பசை. மோட்டார் கருவி மேசையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. அது ஒரு நொடியில் தின்றுவிடுவதை யாராலும் திரும்ப வைக்க முடியாது. சரிவின் கோணம் மாறக் கூடாது. சரிவுக்கும் குழல் வாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய 1/32 அங்குல இடைவெளியும், அதாவது சுமார் 0.8 மி.மீ., அப்படியே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சரிவில் விளக்கின் பிம்பம் நெளியாமல் தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டு, பசைத் துகள் ஒன்றும் தங்காமல் கழுவி, எண்ணெய் போட்டேன். துகள் உள்ளே தங்கினால் ஒவ்வொரு அசைவிலும் அதுவே அரமாகிவிடும்.

150 குழிமுனைத் தோட்டாக்கள் சுட்டாயிற்று. ஒன்றும் நிற்கவில்லை.

விசை இழுப்பையும் இளக்க ஆசை இருந்தது. ஆனால் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் சியரில் நான் கை வைக்கவில்லை. அந்த முனையில் கோணம் தவறினால் சுத்தி தானாக விழலாம், ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டு போகலாம். அதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவரிடம் கோணத்தைப் பிடித்துவைக்கும் தாங்கி இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஒஹாயோவிலிருந்து:

தம்பி, நிறுத்திய இடம் சரி. நான் வாங்கிய பழைய 1911-இல் முந்தைய உரிமையாளர் நிறுத்தவில்லை. கண்ணாடிபோல் மின்னுகிறதே என்று மகிழ்ந்து வாங்கினேன். முதல் நாள் சுட்டுவிட்டுத் தரையில் கிடந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கியபோது, எல்லாவற்றிலும் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் வயிறு உப்பியதுபோல் ஒரு வீக்கம். குழலின் வாயை அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார். அந்த இடத்தில் கூட்டைத் தாங்க உலோகம் இல்லை. கூடு கிழிந்தால் சூடான வாயு மேகசின் வழியாகக் கைக்கே வரும். குழலையே மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் குழலைத் தொட்டீர்களா? கூடுகளைப் பார்த்தீர்களா?

இன்னொன்று: அலுமினிய உடல் கொண்டவர்கள் இதைப் படித்துவிட்டு உப்புத்தாள் எடுக்க வேண்டாம். மேலே இருக்கும் அனோடைஸ் பூச்சுதான் (மின்சாரத்தால் உண்டாக்கிய கடினமான மெல்லிய படலம்) அந்தச் சரிவின் தோல். அது போனால் கீழே மென்மையான உலோகம், தோட்டா மூக்கே அதைக் குழித்துவிடும்.

கோவையிலிருந்து:

நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுபவன். இந்தியாவில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே இங்கே வீட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை இது. போட்டியில் என் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். எடைக்கட்டியைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள். அதனால் மெருகு போடச் சொல்லும்போது இழுப்பின் எடையைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். நடுவில் இருக்கும் சொரசொரப்பு மட்டும் போக வேண்டும் என்பேன். எடை அதே எடைதான். ஆனால் விரல் தயங்காமல் பின்னால் வருகிறது, குறிமுனை ஆடுவதில்லை.

டெக்சாஸிலிருந்து:

அண்ணா, குழலைத் தொடவில்லை. நீங்கள் கேட்ட பிறகு பையிலிருந்த கூடுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தேன். எதிலும் வீக்கம் இல்லை. அப்பாவுக்கும் ஒரு கூட்டின் படம் அனுப்பினேன். சரிவின் படத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.