குவேக்கர் முன்னோர், மூணாறு எஸ்டேட்: ஞானஸ்நானப் பதிவே இல்லை, எங்கே தேடுவது?

தேவிகுளம் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பாட்டியின் பாட்டி கங்காணி வீட்டுப் பெண். 1880-களில் தேவிகுளம் பக்கம் சிங்கோனா தோட்டத்துக்கு வந்த ஒரு துரையோடு குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர். சீமைக்குப் போன துரை திரும்பி வரவில்லை. அவர் விட்டுப்போன தகரப் பெட்டி மட்டும் தலைமுறை தலைமுறையாக லயத்துக்கு லயம் மாறி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதில் இருப்பது இரண்டு காகிதம்தான். ஒன்று, பழைய பைபிளின் முன்பக்கத்திலிருந்து யாரோ படி எடுத்த பிறப்புப் பட்டியல். மாதத்துக்குப் பெயரே கிடையாது, ‘1738, 12-ம் மாதம், 3-ம் நாள்’ என்று வெறும் எண்தான். இன்னொன்று 1794-ல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் நடந்த கல்யாணத்தின் பத்திரம். அதன் அடியில் வரிசை வரிசையாக ஏகப்பட்ட கையெழுத்து, பொண்ணு மாப்பிள்ளை மட்டும் போட்டதில்லை.

அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவு வேதக்காரர்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் அந்த வட்டாரத்துச் சர்ச் ஞானஸ்நானப் பதிவுகளை எல்லாம் தேடியாயிற்று, ஒரு பெயரும் இல்லை. பன்னிரண்டாம் மாதம் என்றால் டிசம்பர்தானே? இதற்கு மேல் எங்கே தேடுவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும், எனக்கு அதுதான் பெரிசு. பாட்டியின் பாட்டி பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. துரை வழியில் 1738 வரைக்கும் பெயர் இருக்கிறது, எங்களைப் பெற்ற வழியில் ஒரு பெயர்கூட இல்லை என்பது மனசை அறுக்கிறது.

தென்காசி டு லீட்ஸ்:

தங்கச்சி, ஞானஸ்நானப் பதிவில் பெயர் கிடைக்காததே அவர்கள் குவேக்கர்கள் என்பதற்கு நல்ல அடையாளம். அந்தச் சபையில் ஞானஸ்நானமே கிடையாது. பிள்ளை பிறந்தால் அந்தப் பகுதியின் மாதக் கூட்டத்துப் பதிவேட்டில் (மாதக் கூட்டம் என்பது அந்த வட்டாரத்துச் சபை நிர்வாகம்) பிறப்பு என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். அதனால் ஊர்ச் சர்ச்சை விட்டுவிட்டு எந்த மாதக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள் என்று பாருங்கள். கெண்டல் என்றால் அது குவேக்கர்கள் ஆரம்பத்திலிருந்தே நிறைந்திருந்த பக்கம், அங்கேயே மாதக் கூட்டம் இருந்தது.

பன்னிரண்டாம் மாதம் டிசம்பர் இல்லை. 1752-க்கு முன்னால் இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-ல்தான் மாறும், குவேக்கர்களுக்கு மார்ச்தான் முதல் மாதம். உங்கள் காகிதத்தில் இருப்பது பிப்ரவரி 3, நம் கணக்கில் வருஷமும் 1739. 1752-லிருந்து ஜனவரி முதல் மாதம் ஆகிவிட்டது, ஆகவே 1794 பத்திரத்தில் இந்தக் குழப்பம் வராது. சாமிகள் பெயரில் மாதமும் கிழமையும் இருக்கிறதே என்று அந்தப் பெயர்களையே ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைக்கூட முதல் நாள் என்று எழுதியவர்கள் அவர்கள்.

கல்யாணப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது பெரிய பொக்கிஷம். பாதிரியார் இல்லாத கல்யாணம் அது. இரண்டு பேரும் முதலில் மாதக் கூட்டத்தில் போய்ச் சொல்ல வேண்டும், வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று ஆள் வைத்து விசாரிப்பார்கள், அப்புறம் கூட்டத்தில் எழுந்து நின்று அவர்களே உறுதி சொல்வார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் பொண்ணு மாப்பிள்ளை கையெழுத்துக்கு நேர் கீழே வருகிற வரிசையில் இருப்பவர்கள்தான் நெருங்கின சொந்தம். அதைத் தனியாக எழுதி எடுங்கள். பொண்ணு எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பிறந்த வீட்டுப் பெயர் மேலே வாசகத்துக்குள் இருக்கும். இரண்டு பேருடைய அப்பா அம்மா பெயரும் ஊரும் தொழிலும்கூட அந்த வாசகத்திலேயே வரும்.

இங்கிலாந்துக் குவேக்கர்களின் பழைய பதிவேடுகளை 1840 வாக்கில் அரசிடம் ஒப்படைத்தார்கள். இப்போது அவை லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசையில் இருக்கின்றன, கட்டணத் தளங்களில் படமாகவும் பார்க்கலாம். ஒப்படைக்கும் முன்னால் சபைக்காரர்கள் சுருக்கப் படி எடுத்து வைத்துக்கொண்டார்கள், அது லண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில். பெயர் திடீரென்று நின்றுபோனால் பயப்பட வேண்டாம். சபைக்கு வெளியே கல்யாணம் செய்தால் விலக்கிவிடுவார்கள், 1860 வாக்கில்தான் அது தளர்ந்தது. விலக்கிய சேதி மாதக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் காரணத்தோடு இருக்கும். விலக்கப்பட்டவர் ஆங்கிலிக்கன் சர்ச்சுக்குப் போயிருந்தால் அங்கே வளர்ந்த ஆளாக ஞானஸ்நானம் எடுத்த பதிவு கிடைக்கலாம், குழந்தைப் பதிவை மட்டும் தேடினால் அது கண்ணில் படாது.

பீர்மேடு டீச்சர்:

துரை வழியைத் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்மா.

மூணாறு கிறைஸ்ட் சர்ச்சில் போய் 1880-களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டதே 1910-ல், பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் முதல் அடக்கம் 1894-ல். அதற்கு முன்னால் அந்த மலைக்கு எல்லாம் ஏறியது போடி வழியாகத்தான், அரிசியும் ஆளும் குரங்கணி ஏறித்தான் வந்தார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதைக் கீழே தேட வேண்டும். பெரியகுளம் பக்கம் அப்போது அமெரிக்கன் மதுரை மிஷன் இருந்தது, அதன் தலைமைச் சங்கத்துக் காகிதங்கள் அமெரிக்காவில் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. உள்ளூர்ச் சபைப் பதிவேடுகள் இப்போது சி.எஸ்.ஐ. கையில். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயில் ஞானஸ்நான ஏட்டைக் கேளுங்கள். அதில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர் இருக்கும், அது பெரும்பாலும் தாய் வீட்டுச் சொந்தமாகவே இருக்கும். அப்பா பெயர் கட்டத்தைக் காலியாக விட்ட வரிகளை விடாமல் பாருங்கள்.

கங்காணி குடும்பம் எந்த ஊரிலிருந்து ஏறியது என்று தெரியுமா? நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் என்றால் ஊர்ச் சபையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள், இங்கே அதைக் கொடுத்தால்தான் சபையில் பெயர் ஏறும். உங்கள் குவேக்கர்களும் இதையேதான் செய்தார்கள், ஒரு மாதக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நன்னடத்தைச் சான்று கொண்டுபோவார்கள். இரண்டு பக்கமும் அந்தக் கடிதத்தைப் பிடித்தால்தான் முந்தைய ஊர் கிடைக்கும். இந்துக் குடும்பம் என்றால் சர்ச்சில் ஒன்றும் இருக்காது, குலதெய்வக் கோயிலையும் அதன் வரிதாரர்களையும் கேளுங்கள். எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் அப்படித்தான் சொந்த ஊரைக் கண்டுபிடித்திருக்கின்றன.

குமுளிக்காரன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். திருவிதாங்கூர்க் காகிதத்தில் கொல்லம் ஆண்டு வரும். அதை ஆங்கில வருஷமாக மாற்ற, சிங்க மாதத்திலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825. தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இங்கே பெரியவர்கள் சொல்வது 1099, அதாவது 1924 ஜூலை. மூணாறையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது, குண்டளை ரயிலும் அதில்தான் போனது. அதற்கு முந்தைய எஸ்டேட் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கையில் இல்லை என்று ஆபீசில் சொன்னால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். துரை இந்தியாவிலேயே இறந்திருந்தாலும் இருக்கலாம், வீட்டில் சொல்கிற கதையை மட்டும் நம்பாதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் மெட்ராஸ் மாகாண அடக்கப் பதிவுகளின் நகல் உண்டு. ஃபிபிஸ் (FIBIS) என்ற, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே பெயர் போட்டுத் தேடலாம்.

தேவிகுளம் பேத்தி:

அண்ணே, டீச்சர், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்திரத்தை வெளிச்சத்தில் வைத்து மறுபடி வாசித்தேன். பொண்ணு பிறந்த வீட்டுப் பெயர் வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது, நாங்கள் யாரும் கையெழுத்துக்கு மேலே படித்ததே இல்லை. அதே குடும்பப் பெயரில் கீழே ஐந்து கையெழுத்து.

கங்காணி ஊர் சாயர்புரம் பக்கம் என்று பெரியம்மா சொல்கிறார், கிராமம் பெயர் நினைவில்லையாம். எங்கள் பெரிய தாத்தா பெயருக்கு முன்னால் போடுகிற இரண்டு எழுத்தில் முதல் எழுத்து ஊராக இருக்கலாம் என்கிறார். அங்கே சபைப் பதிவேடு பார்க்க யாரைக் கேட்க வேண்டும், சேகரகுருவானவரையா, டயோசிஸ் ஆபீசையா?

பீர்மேடு டீச்சர்:

முதலில் சேகரகுருவானவரைப் பாரும்மா. குடும்பத்தில் தெரிந்த எல்லாப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ, வெறும் கையோடு போனால் ஏட்டைத் திறக்க யோசிப்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம் வேண்டாம், கிழமை நாளில் காலையில் போ.