டெக்சாஸ் நர்சிங் லைசன்ஸ் இருந்தால் மற்ற மாநிலங்களுக்கு ஆங்கிலப் பரீட்சை தேவையில்லையா?

கல்லடி நர்ஸ்:
மட்டக்களப்பில் எட்டு வருடமாக சத்திரசிகிச்சை வார்டில் வேலை செய்கிறேன். டெக்சாஸில் மச்சாள் இருக்கிறா. ஆனால் வேலை புளோரிடாவில்தான் கிடைக்கும் போல. கொழும்பில் ஒரு ஏஜென்சி, "நர்சிங் இங்கிலிஷ் மீடியத்தில்தானே படிச்சீங்க, பரீட்சை தேவையில்லை. டெக்சாஸ் லைசன்ஸ் எடுத்தால் 40க்கு மேற்பட்ட மாநிலங்களில் வேலை செய்யலாம்" என்று சொல்லி முற்பணம் வாங்கியது. இப்போது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை கேட்கிறார்கள். காப்பை அடகு வைத்துக் கட்டிய காசு. எது உண்மை?

வாழைச்சேனை அக்கா, டல்லாஸ்:
தங்கச்சி, அவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பல மாநிலங்கள் ஒப்பந்தம் செய்து ஒரே லைசன்ஸை ஏற்பது உண்மை. டெக்சாஸும் புளோரிடாவும் அதில் உண்டு, கலிபோர்னியா இல்லை. ஆனால் 2018இல் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தத்திலேயே, தாய்மொழி ஆங்கிலமல்லாத வெளிநாட்டுப் பட்டதாரி வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு நான்கும் உள்ள பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று இருக்கிறது. இங்கிலிஷ் மீடியம் என்பது நம்மைக் காப்பாற்றாது.

அதோடு பன்மாநில லைசன்ஸுக்கு அமெரிக்க சோஷல் செக்யூரிட்டி நம்பரும் அந்த மாநிலத்தில் வதிவிடமும் வேண்டும். கல்லடியிலிருந்து அதை எடுக்க முடியாது. முதலில் என்கிளெக்ஸ் என்ற நர்சிங் லைசன்ஸ் பரீட்சை எழுதி ஒரு மாநிலத்துக்கு மட்டுமான லைசன்ஸ் எடுங்கள். வந்து குடியேறிய பிறகு அதைப் பன்மாநில லைசன்ஸாக மாற்றலாம்.

விசாவுக்கு விசாஸ்கிரீன் என்று தனிச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கும் இந்தப் பரீட்சைதான். நர்ஸுக்கு ஐஇஎல்டிஎஸ் அகடமிக்கில் மொத்தம் 6.5, பேச்சில் 7. எனக்கு முதல் தடவை பேச்சில் 6.5தான் வந்தது, நாலு நாள் அழுதேன். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லுபடியாகும், அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

கல்லடி நர்ஸ்:
நன்றி அக்கா. வார்டில் நாளெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும்தான் கதைக்கிறோம். பேச்சில் 7 எப்படி எடுப்பது? இவ்வளவு கடுமை தேவையா என்றும் தோன்றுகிறது.

வாழைச்சேனை அக்கா, டல்லாஸ்:
தேவைதான், தங்கச்சி. இரவு டியூட்டியில் டாக்டர் போனில் மருந்தளவு சொல்வார். பிஃப்டீனா, பிஃப்டியா? நான் ஒவ்வொரு தடவையும் "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, அவர் ஓம் என்ற பிறகுதான் எழுதுவேன். டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸுக்கு நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் உங்கள் ஹேண்டோவரை தினமும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

அக்கரைப்பற்று:
நான் இங்கு தாதிய உத்தியோகத்தர். என் உம்மும்மாவை (பாட்டியை) வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம். "நெஞ்சு எரியுது" என்றா. அங்கிருந்தவருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்துக் கட்டில்காரர் "நெஞ்சு நோவாம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். நான் ஓடிப்போய், இது சாப்பிட்ட பிறகு வரும் எரிவு, நோவு இல்லை என்று விளக்கும் வரைக்கும் உம்மும்மா பயந்துபோய் என் கையை விடவே இல்லை. நோயாளியின் மொழி தெரிய வேண்டும் என்ற விதியை நான் குறை சொல்ல மாட்டேன். காசு விஷயத்தில், ரசீதும் அவர்கள் எழுதித் தந்ததும் இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

கல்லடி நர்ஸ்:
ரசீது இருக்கிறது. நாளைக்கு லீவு போட்டுப் போகிறேன்.