எம்எஸ் மகப்பேறு இடம்: பிரசவ எண்ணிக்கையை மட்டும் பார்த்து எடுக்கலாமா?

வைகைக்கரை:
சீனியர்களுக்கு வணக்கம். இந்தமுறை முதுநிலை நுழைவுத் தேர்வில் வந்த ரேங்குக்கு எம்எஸ் ஓஜி (மகப்பேறு, மகளிர் நோய் முதுநிலைப் படிப்பு) கிடைத்துவிடும். சென்னையின் பெரிய மகப்பேறு ஆஸ்பத்திரி, தெற்கே ஒரு மாவட்ட அரசுக் கல்லூரி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிஎன்பி (எம்எஸ்-க்கு இணையான முதுநிலைப் பட்டம்), மூன்றில் ஒன்றை விருப்பப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும். யாரைக் கேட்டாலும் "கேஸ் லோட் (எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்) பாரு" என்கிறார்கள். அது மட்டும் போதுமா? மூன்று வருடம் முடித்தபின் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி தனியாக நின்று சமாளிக்கிற கை வேண்டும். நேரில் போனால் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது?

இரவு டியூட்டி:
மொத்தப் பிரசவ எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். அதைக் கைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கணக்குக்கு: மாதம் 500 சிசேரியன் நடக்கும் இடத்தில் மூன்று வருட பிஜிக்களும் (முதுநிலை மாணவர்கள்) சேர்ந்து 72 பேர் என்றால் ஆளுக்கு 7. மாதம் 130 சிசேரியன்தான், ஆனால் பிஜி 12 பேர் என்றால் ஆளுக்குப் பத்துக்கும் மேல். இரண்டாவது இடம் சின்னது என்று ஒதுக்கிவிடுவோம், கைக்கு வேலை அங்கேதான் அதிகம்.

அடுத்து, அந்த ஏழோ பத்தோ யார் பெயரில் பதிவாகிறது? லாக் புக்கில் 'செய்தது', 'உதவியது' என்று தனித்தனியாக எழுதுகிறார்களா என்று இரண்டாம் வருட பிஜியிடம் கேளுங்கள். முதல் வருடத்தில் ரத்த மாதிரி எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, என்எஸ்டி (சிசுவின் இதயத் துடிப்புப் பதிவு) போடுவது என்று ஓடிவிடும், அது எல்லா இடத்திலும் உண்டு. முதல் சிசேரியனைச் செய்ய எந்த மாதத்தில் விடுகிறார்கள், அப்போது எதிர்ப்பக்கம் நிற்பது உதவிப் பேராசிரியரா (ஏபி), இல்லை ஆறு மாதம் மூத்த பிஜியா, இதுதான் முக்கியம். தப்பான கைப்பழக்கம் அப்படித்தான் ஒரு பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்கு இறங்குகிறது. ராத்திரி 2 மணிக்கு ஏபி வளாகத்தில் இருக்கிறாரா, போனில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

மகளிர் நோய் தியேட்டரை மறந்துவிடாதீர்கள். பிரசவம் குவியும் இடங்களில் சிசேரியன் டேபிளுக்கே நாள் போய், வெஜைனல் ஹிஸ்டரெக்டமி (பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையை எடுக்கும் அறுவை) வாரத்துக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு அறுவை செய்யும் கருவி) இருக்கிறது என்பது பதில் ஆகாது. போன மாதம் எத்தனை செய்தார்கள், கேமரா பிடித்தது யார் என்று கேட்க வேண்டும்.

கோஷா வாசல்:
மேலே சொன்னதோடு ஒன்று. அலாட்மெண்டில் கல்லூரிப் பெயர் வரும், நீங்கள் வேலை செய்யப்போவது வேறு வளாகமாக இருக்கலாம். எம்எம்சி (சென்னை மருத்துவக் கல்லூரி) என்றால் எழும்பூர் மகப்பேறு நிலையம், 1844-ல் தொடங்கியது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்றால் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு ஆஸ்பத்திரி. சேப்பாக்கத்துக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ஊர் வாயில் கோஷா ஆஸ்பத்திரி, 1885-ல் பர்தா முறைப் பெண்களுக்காக மேரி ஷார்லீப் ஆரம்பித்தது. இப்படித் தனியாக நிற்கும் மகப்பேறு ஆஸ்பத்திரிகளின் பலம் அந்தத் துறை ஒன்றையே மூச்சாக வைத்திருப்பது. ஆனால் எந்தத் தனி வளாகமானாலும் இதயநோய் உள்ள தாய்க்கும் டயாலிசிஸ் தேவைப்படுபவருக்கும் என்ன ஏற்பாடு, சிறுநீர்ப்பை கிழிந்தால் யூராலஜிஸ்ட் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று கேட்டு வையுங்கள். மதுரை ராஜாஜி மாதிரிப் பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே பிரசவப் பிரிவு இருந்தால், பிற துறையினரோடு சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கும் பழக்கம் தானாக வரும்.

ரெஃபரல் இடத்துக்கு வரும் கேஸ் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். எக்லாம்சியா (கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு), அக்ரீட்டா (கருப்பைச் சுவரில் ஊன்றிவிட்ட நஞ்சுக்கொடி), கருப்பை வாய் முழுக்கத் திறந்தபின் தலை இடுப்பெலும்பில் இறுகி நிற்கும் சிசேரியன் எல்லாம் கைநிறையக் கிடைக்கும். பட்வர்தன் முறையில் குழந்தையின் தோளை முதலில் எடுப்பதை வேறு எங்கும் இவ்வளவு பார்க்க முடியாது. குறையும் அங்கேயே இருக்கிறது. 108-ல் பாதி வலியில் வந்து இறங்கும் தாயை வைத்து, ஒரு பிரசவத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை பொறுமையாகக் கவனிக்கப் பழக முடியாது. தனியாக நிற்க வேண்டும் என்கிறீர்கள், அதற்கு இந்தப் பொறுமைதான் அடிப்படை. வாக்யூம், ஃபோர்செப்ஸ் (குழந்தையின் தலையைப் பிடித்து வெளியே எடுக்க உதவும் கருவிகள்) இன்னும் பழக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் போன இடத்தில் சிசேரியன் மட்டும்தான் கற்றுக்கொள்வீர்கள்.

வைகைக்கரை:
நன்றி. மாவட்டக் கல்லூரியில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்? டிஎன்பி பற்றியும் சொல்லுங்கள்.

இரவு டியூட்டி:
மாவட்டத்தில் மூன்று விஷயம்: ராத்திரி மயக்க மருந்து டாக்டர், வளாகத்துக்குள் ரத்த வங்கி, பச்சிளங்குழந்தை வார்டு. சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை) மையம் என்ற பலகை இருந்தால் மூன்றும் 24 மணி நேரமும் இருந்தாக வேண்டும். ரத்தம் வெளியிலிருந்து வர வேண்டிய இடமாக இருந்தால் பெரிய கேஸ்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள், பிஜி கைக்கு அது வராது.

லேபர் வார்டுக்குள் போனால் எக்லாம்சியா ட்ரேயைத் திறந்து பாருங்கள். பயிற்சி எப்படி என்று அந்த ட்ரே சொல்லிவிடும். வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் 1 கிராம் ஆம்பூல் 14 இருக்க வேண்டும். நான்கை (8 மில்லி) 12 மில்லி சலைனோடு கலந்தால் 20 மில்லி, 20 சதவீதம். அதை நரம்பில் மெதுவாக, 5 நிமிடமாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். மீதி பத்தும் நீர்க்கலக்காமல் இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்து கிராம். பக்கத்திலேயே, மருந்து நஞ்சானால் முறிக்க, 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி. இப்போது எதிரே நிற்கும் முதல் வருட பிஜியிடம், 4 மணி நேரம் கழித்து அடுத்த 5 கிராம் போடும் முன் என்ன பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முழங்கால் அனிச்சை, நிமிடத்துக்கு 16 மூச்சாவது, மணிக்கு 30 மில்லி சிறுநீராவது என்று தடுமாறாமல் வந்தால் அங்கே கற்றுத் தருகிறார்கள். சிறுநீர் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்த டோஸ் போடுவதுதான் நஞ்சாக மாறும் வழி.

அதேபோல் ரத்தப்போக்கை அளவுப் பை வைத்து அளக்கிறார்களா, கண்மதிப்பா? கண்மதிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும், அதனால்தான் ட்ரானெக்சாமிக் அமிலம் (ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து) 3 மணி நேர வரம்பைத் தாண்டிப் போகிறது.

கத்திரி:
டிஎன்பி பற்றி. நல்ல தனியார் இடத்தில் ஸ்கேன், குழந்தையின்மை சிகிச்சை, லேப்ராஸ்கோபி மூன்றும் அரசு இடங்களைவிட நெருக்கமாகப் பார்க்கலாம். பிரச்சினை, நோயாளி ஒரு குறிப்பிட்ட டாக்டரை நம்பிப் பணம் கட்டி வருகிறார், கத்தி அவரிடமே இருக்கும். பொது வார்டு உண்டா, அதில் மாதம் எத்தனை பிரசவம், பிஜி தானாகச் செய்தது எத்தனை என்று எண்ணாகக் கேளுங்கள். மதக் கொள்கையால் கருக்கலைப்பு, குடும்பநல அறுவை செய்யாத ஆஸ்பத்திரிகளும் உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி இருக்கிறது. இரண்டாம் டிரைமெஸ்டர் (கர்ப்பத்தின் நடு மூன்று மாதம்) கேஸையே கையாளாமல் தாலுகாவுக்குப் போய் நிற்பது நோயாளிக்கு ஆபத்து.

எம்எஸ் எடுத்தால் 3, 4, 5-ஆம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரிப் பணி கட்டாயம். சென்னை எடுத்தால் அந்த மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள், தனியாக நின்று பழக அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

போகும்போது காலை 8 மணிக்கு, டியூட்டி மாறும் நேரத்துக்குப் போங்கள். ராத்திரி வந்த கேஸ்களை ஒப்படைக்கும்போது ஏபி கேள்வி கேட்கிறாரா, பிஜி பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்டோகிராஃப் தாளைக் காட்டித்தான் பேசுகிறாரா என்று ஓரமாக நின்று கேளுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் கட்டங்கள் காலியாக இருந்து, பிரசவம் முடிந்தபின் ஒரே பேனாவில் நிரப்பியிருந்தால், மாதம் எத்தனை பிரசவம் நடந்தாலும் அந்த இடத்தைக் கீழே இறக்குங்கள்.