மறு: டிஃபென்சிவ் லைன்மேன் – 'கனவீரர்' பொருந்துமா?

> எல்லாரும் 140 கிலோவுக்கு மேல் இருக்கிறார்கள். 'கனவீரர்' என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு எதிரே தற்காப்பு முன்வரிசையில் நிற்பவர்தான் டிஃபென்சிவ் லைன்மேன்; அவருக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

எடையை வைத்துப் பெயர் சூட்டினால் அந்த வரிசையில் பாதிப் பேருக்குப் பெயர் பொருந்தாது. ஆரன் டொனால்டு 6 அடி 1 அங்குலம், சுமார் 127 கிலோதான். உள்வரிசைக்கு ஆள் சிறிது என்ற பேச்சு இருந்தும் 2014இல் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. 2017, 2018, 2020 என மூன்று முறை என்.எஃப்.எல்லின் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) சிறந்த தற்காப்பு வீரர் விருதை வாங்கினார். ஓரத்தில் நிற்கும் மைல்ஸ் காரெட்டோ சுமார் 123 கிலோ. அந்த இடத்துக்கு நீண்ட கையும் முதல் இரண்டு எட்டின் வேகமும்தான் முக்கியம். எதிராளியின் கை தன் நெஞ்சில் படுமுன் இவர் கை அவர் நெஞ்சில் பட வேண்டும்.

நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிளின் கதை வேறு. முன்வரிசையில் மூவர் மட்டும் நிற்கும்போது இவர் சென்டருக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் எதிரணி வீரருக்கு, நேர் எதிரே நிற்பார். இருபக்க இடைவெளியும் இவர் பொறுப்பு. பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். இவர் நகராமல் நின்றால்தான் பின்னால் இரண்டாம் தற்காப்பு வரிசையில் உள்ள லைன்பேக்கர் தடையின்றி ஓட முடியும். இங்கே எடை வேண்டும்: வின்ஸ் வில்ஃபோர்க் ஏறக்குறைய 147 கிலோ. ஆனால் உயரம் 6 அடி 2 அங்குலம்தான், அதுவே அவருக்கு வசதி. தாழ்ந்து நிற்பவரின் தோள் எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே புகுந்துவிடும், பிறகு அவரைப் பெயர்ப்பது கடினம். 6 அடி 6 அங்குலம், 155 கிலோ இருந்துகொண்டு 2022இல் 40 கஜத்தை 4.78 வினாடியில் ஓடிய ஜோர்டன் டேவிஸ் போன்றவர்கள் அபூர்வம். அவரை அளவுகோலாக வைக்கக் கூடாது.

'தடுப்பு வரிசை'யும் வேண்டாம் என்பேன். இந்த ஆட்டத்தில் பிளாக் செய்வது, அதாவது ஆளைத் தடுப்பது, பந்து வைத்திருக்கும் அணியின் வரிசை. 'தடுப்பர்' என்ற சொல்லை அவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும்.

என் முன்மொழிவு: பொதுவாக 'முன்னரணர்'. உள்ளே நிற்கும் டேக்கிள் 'உள்ளரணர்', ஓரத்தில் நிற்கும் எண்ட் 'விளிம்பரணர்'. நோஸ் டேக்கிளுக்கு 'நடுத்தாங்கி'. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்கிறது 767ஆம் குறள். அங்கே தார் என்றால் எதிரியின் முன்னணிப்படை. இவர் செய்வதும் அதைத்தான். 'தார்தாங்கி' என்றே வைக்க ஆசைதான், ஆனால் இன்று தார் என்றால் சாலைதான் நினைவுக்கு வரும்.

இலங்கை நண்பர்கள் தாங்கி என்றால் டாங்கி, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லக்கூடும். 'நடு' முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

சரி, லைன்பேக்கருக்கு 'பின்னரணர்' போதுமா? அவருக்குப் பின்னாலும் ஒரு வரிசை இருக்கிறதே, அதற்கு எந்தச் சொல்லை வைப்பது?