புளூட்டோவ திரும்ப சேக்கணுமா, இல்ல வரையறையவே மாத்தணுமா?

நிலாப்பித்தன்: 2006 ஆகஸ்ட் 24, பிராகால சர்வதேச வானியல் ஒன்றியக் கூட்டம் முடியப்போற நேரத்துல, மிச்சம் இருந்த நானூத்திச் சொச்சம் பேர் மஞ்ச அட்டைய தூக்கி காட்டி புளூட்டோவ கிரகப் பட்டியல்லருந்து வெளிய அனுப்பிட்டாங்க. கிரகம்னா சூரியன சுத்தணும், உருண்டையா இருக்கணும், சரி. தன் பாதைய கிளியர் பண்ணியிருக்கணும்னு மூணாவதா ஒண்ணு வெச்சாங்க பாருங்க, அது என்ன கூத்து? வியாழன் பாதையிலயே ட்ரோஜன் பாறைங்க ஆயிரக்கணக்குல கிடக்கே, அதயும் தூக்கிடுவீங்களா?

கணக்குப்புலி: ட்ரோஜன் எல்லாம் வியாழன் பிடிச்சு வெச்ச இடத்துலதான் நிக்குது ப்ரோ, 60 டிகிரி முன்னாடி ஒரு கும்பல், பின்னாடி ஒரு கும்பல். புளூட்டோ கதை தலைகீழ், நெப்டியூன் மூணு சுத்து சுத்துறதுக்குள்ள இது ரெண்டு, அது போடுற தாளத்துக்கு இது ஆடுது. அப்புறம் புளூட்டோ மாதிரியே தூரத்துல சூரியன சுத்துற ஏரிஸ்? விட்டம் துளி கம்மி, நிறை புளூட்டோவ விட 27 சதவீதம் அதிகம். அத எந்த மூஞ்சிய வெச்சிட்டு வெளிய நிறுத்துவீங்க?

நிலாப்பித்தன்: ஏன் நிறுத்தணும், வரட்டுமே. வியாழனுக்கு நிலா 90 தாண்டிருச்சு, யாராவது போதும்னாங்களா? 2015ல நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்புன புளூட்டோ போட்டோவ பெருசு பண்ணி பாருங்க, நைட்ரஜன் ஐஸ் சமவெளி அடியில சூடாகி மேல வந்து புரண்டு புரண்டு கட்டம் கட்டமா பிரிஞ்சு கிடக்கு, ஓரத்துல தண்ணி ஐஸ்லயே மலை. இத போய் குள்ளக் கோளாம்!

கணக்குப்புலி: அழகா இருந்தா கிரகமா? வியாழனோட நிலா கானிமீட், சனியோட நிலா டைட்டன் ரெண்டும் விட்டத்துல புதன விட பெருசு, உருண்டை வேற.

நிலாப்பித்தன்: அதயும் சேருங்கங்கறேன்.

கணக்குப்புலி: போச்சு.

அகல்விளக்கு: நடுவுல வரேன், மன்னிக்கணும். அந்த வரையறையில 'சூரியன'ன்னே எழுதி வெச்சிட்டாங்க, அப்ப வேற நட்சத்திரத்த சுத்துற ஆயிரக்கணக்கான கோளுங்க எதுல சேத்தி? அதுங்க உருண்டையான்னு இங்கருந்து பாக்கவும் முடியாது, ஆனா அதுங்க இழுக்கறதுல நட்சத்திரம் ஆடுற ஆட்டத்த வெச்சு நிறை எவ்வளவுன்னு கணிக்கலாம். அதான் 2024ல மார்கோ, கிளாட்மேன், யாங்னு மூணு ஆராய்ச்சியாளருங்க, நிறை 10-ன் அடுக்கு 23 கிலோவுக்கு மேல இருந்தா கிரகம், ஆனா வியாழனோட நிறைல 13 மடங்குக்கு உள்ள இருக்கணும்னு யோசனை சொன்னாங்க.

நிலாப்பித்தன்: புதன் உள்ள, புளூட்டோ வெளியன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்கே.

கணக்குப்புலி: கோடு கிழிக்க இடம் இருக்குல்ல. சூரியன சுத்துறதுல புதனுக்கு அடுத்த நிறை ஏரிஸ்தான், நடுவுல 20 மடங்கு காலி.

நிலாப்பித்தன்: இதுவரைக்கும் காலி. 1801ல செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற செரஸயும் கிரகம்னுதான் சேத்தாங்க, அப்புறம் தூக்கிட்டாங்க. நாளைக்கு அந்த நடுவுல ஒண்ணு சிக்குச்சுன்னா?

கணக்குப்புலி: சிக்கட்டும், அப்ப வந்து திட்டுங்க.