சில்வண்டின் ஒலியுறுப்புக்கு ஒரு கலைச்சொல்

அண்ணாச்சி அவர்களுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம்.

சில்வண்டின் (cicada) ஒலியெழுப்பும் உறுப்புக்கு ‘ஒலிப்பறை’ என்ற சொல்லைத் தாங்கள் முன்வைத்திருந்தீர்கள். சொல் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் பாடநூலுக்குள் போனால் இடறும் என்று கருதுகிறேன். ஆண் சில்வண்டின் வயிற்றில் முதற்கண்டத்தின் இருபுறமும் அவ்வுறுப்பு அமைந்திருக்க, அதற்கு மிக அருகிலேயே, அடிப்பக்கத்து மூடிகளுக்குள், கேட்கும் உறுப்பாகிய செவிப்பறையும் இருக்கிறது. ‘செவிப்பறை’ தமிழில் வேரூன்றிவிட்ட சொல். ஒரே வயிற்றில் ஒரு பறை ஒலியை எழுப்பவும் மற்றொன்று அதை வாங்கவும் செய்தால், படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவார்கள். பாடும்போது தன் ஒலியே தன் காதைக் கெடுக்காதபடி ஆண் செவிப்பறையை மடித்துக்கொள்கிறது என்ற செய்தியை இச்சொற்களால் ஒருமுறை எழுதிப் பாருங்கள், சிக்கல் விளங்கும்.

மேலும், பறை என்பது அடிபடுவது. இங்கே அடிக்கும் கோல் எதுவும் இல்லை. இருப்பது மேடுமேடான வரிகளைக் கொண்ட மெல்லிய ஏடு. அதன் உட்புறத்தில் தடித்த தசை ஒன்று பிணைந்துள்ளது. தசை சுருங்கும்போது வரிகள் உள்வாங்கிச் சொடுக்குகின்றன, தளரும்போது பழைய வடிவுக்கு மீள்கின்றன. தகர டப்பா மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டால் எழும் ‘டக்’ ஒலியின் வழிமுறைதான் இதுவும். சில இனங்களில் தசை வினாடிக்கு நூறு முறைக்கும் மேல் இயங்குவதால், சொடுக்குகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகின்றன. ஆணின் வயிறு காற்றறையாக இருந்து அதைப் பெருக்குகிறது. பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் சாலையில் கோடை நண்பகலில் பேச்சை நிறுத்தவைக்கும் இரைச்சல் இப்படி எழுவதே. ஆகவே ‘சொடுக்குச் சவ்வு’ என்று முன்மொழிகிறேன். கணினித் துறையினர் ‘கிளிக்’ என்பதற்குச் சொடுக்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது தடையாகாது. அவர்கள் நம்மைக் கேட்டா எடுத்தார்கள்? சுவர்க்கோழி முன்சிறகுகளை உரசி ஒலிப்பதால் அதற்கு இச்சொல் பொருந்தாது.

நம் சொற்பட்டியலில் சில்வண்டின் இளம்பருவத்துக்குக் ‘கூட்டுப்புழு’ என்றிருப்பதையும் நீக்க வேண்டும். சில்வண்டு அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் உறவாதலால் அதற்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. தாய் கிளையைக் கீறி இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி மண்ணில் விழுந்து, முன்கால்களால் தோண்டி உள்ளே இறங்கி, வேரின் சைலத்தில், அதாவது நீரைக் கடத்தும் குழாய்களில், ஓடும் சாற்றை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. மேகாலயத்தின் ரிபோய் மாவட்டத்து இனமொன்று 4 ஆண்டுக்கு ஒருமுறையும், வட அமெரிக்க இனங்கள் சில 13 அல்லது 17 ஆண்டுக்கு ஒருமுறையும் திரளாக வெளிவருகின்றன. தத்துப்பூச்சிக்கு வேளாண்மையில் வழங்கும் ‘குஞ்சு’ என்பதையே இப்பருவத்துக்கும் கொள்ளலாம். மரப்பட்டையைக் கவ்வியபடி, முதுகு பிளந்து, முன்கால் நகங்களில் காய்ந்த மண்ணோடு நிற்கும் வெற்றுத் தோலுக்குப் பாம்புக்குச் சொல்வதுபோல் ‘சட்டை’ போதும்.

*

தம்பிக்கு வணக்கம்.

செவிப்பறையோடு குழம்பும் என்பது சரியான மறுப்பு; பறையை விட்டுவிடலாம். ஆனால் ‘சவ்வு’ என்றால் நெகிழ்வானது என்ற எண்ணமே எழும். இது விறைப்பான புறத்தோலின் பகுதி. விறைப்பு இல்லையென்றால் உள்வாங்கியது மீண்டு வராது. உண்மையில் செவிப்பறைதான் சவ்வு. எனவே ‘சொடுக்குத் தகடு’ என்று திருத்துகிறேன். அதன் மேடுகளுக்கு ‘வரிமேடு’ என்று வைக்கலாம். குஞ்சும் சட்டையும் எனக்கு உடன்பாடே. பெரும்பாலான இனங்களில் பெண்ணுக்கு இத்தகடு இல்லை என்பதை விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். சில இனங்களில் பெண் சிறகை அசைத்துச் சிறு ஒலியால் ஆணுக்கு மறுமொழி தருவதால், ‘சிறகுச் சொடுக்கு’ என்ற பதிவையும் இதன் கீழேயே ஏற்றிவிடலாம்.